அப்டேட் மாப்பிள்ளை

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்: "மாமா, லேப்டாப்புல கடைசியா எப்ப அப்டேட் போட்டீங்க?"

மற்ற வீட்டு மாப்பிள்ளைகள் மாமனாரின் சர்க்கரை அளவை விசாரிப்பார்கள். நமக்கு வாய்த்தவர் இதை விசாரிக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லேப்டாப் அவர் மடிக்குப் போயிருக்கும். வேறு யாராவது என்றால் "கையை எடுப்பா" என்று சொல்லிவிடலாம். இதுவோ தலை தீபாவளிக்கு நாமே மோதிரம் போட்ட கை. கீபோர்டில் அது மின்னிக்கொண்டு ஓடும்போது என்ன சொல்ல?

விண்டோஸுக்கு மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட் வரும். அமெரிக்காவில் பகல், இங்கே இரவு. ஆகவே புதன்கிழமை காலையில், நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்துவிடும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சும்மாவா சொன்னார்கள்! விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த நாள், 2025 அக்டோபர் 14. அன்றைக்கு எழவு சொல்கிற குரலில் அழைத்தார். "பத்தோட கதை முடிஞ்சிடுச்சு அத்தை." கும்பகோணம் பத்து சித்திதான் என்று நினைத்து என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் எந்தப் பெட்டி எழுந்தாலும் மாப்பிள்ளை படிக்காமல் சம்மதம் கொடுப்பதும் உண்டு. அந்தப் பெட்டிகளும் லேசுப்பட்டவை அல்ல. 'இப்போதா, பிறகா?' என்று கேட்கும். 'வேண்டாம்' என்ற பேச்சே இருக்காது. கல்யாணப் பந்தியில் பாயச வாளியோடு வருகிறவர் "கொஞ்சமா, நிறையவா?" என்று கேட்பாரே, அதேதான். அங்கேயாவது இலையை மடிக்கலாம்.

அப்படி ஒரு நாள் கொடுத்த சம்மதத்தில், என் டெஸ்க்டாப்பில் கிடந்ததெல்லாம் ஏதோ ஒரு கிளவுடுக்குக் குடிபோய்விட்டது. எனக்குத் தெரியாது. இலவசமாகக் கொடுக்கும் ஐந்து ஜிபியும் நிரம்பிவிட்டது என்று தினம் ஓர் எச்சரிக்கை. பேத்திக்கு மொட்டை போட்ட வீடியோவே பாதியை அடைத்திருந்தது. 'இங்கேதான் ஒரு பிரதி இருக்கிறதே' என்று மேலே இருந்ததை அழித்தேன். கீழேயும் போனது. மொட்டை மட்டுமல்ல, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மூன்று வருடக் கணக்கும். நான்தான் பொருளாளர்.

"அங்க அழிச்சா இங்கயும் அழியத்தானே செய்யும்? அதுக்குப் பேர்தான் சிங்க் மாமா" என்றார், குழந்தைக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிற பொறுமையோடு.

உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. தோசை ஆறி வறட்டியாகும் வரை உட்கார்ந்து, கிளவுடின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் வரை எல்லாம் பத்திரமாகக் கிடக்கும் என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றாக மீட்டார். மொட்டை வீடியோ திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். நல்ல பிள்ளை.

ஆனால் அந்தக் கணக்கில் நாற்பத்தெட்டு வீட்டாரின் போன் நம்பர் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி என்பது இருக்கிறது. அது எங்கேயோ முகம் தெரியாதவர் கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையும் கேட்கவில்லை. ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுப் பீரோவைத் தூக்கி அடுத்த தெருவில் வைத்துவிட்டு "பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க" என்றால் யாராவது பொறுத்துக்கொள்வார்களா? ஒரு வார்த்தை கேட்டால் வாய் முத்தா உதிர்ந்துவிடும்?

போன ஞாயிறு வந்தார். லேப்டாப்பை முன்கூட்டியே பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தாள் மனைவி. காபியைக் குடித்தார். மேஜையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். கேட்கவும் கூச்சம். மோதிரத்தைத் திருகிக்கொண்டே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

பிறகு அவர் பார்வை மெல்ல டிவி பக்கம் திரும்பியது.