என்ன பாட்டு ஓடுது அண்ணாச்சி?

(பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. 1980களில் இதே இடம் பாட்டுப் பதிவு செய்து தரும் ரெக்கார்டிங் சென்டர். உள்ளே ஒரு பழைய கேசட் டெக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த தம்பி, செல்போனை ஸ்பீக்கர் பெட்டிக்கு நேராகப் பிடித்தபடி நிற்கிறார்.)

அண்ணாச்சி: என்ன தம்பி, பெட்டிக்குத் தீபாராதனை காட்டுதீரு?

தம்பி: பாட்டு கண்டுபிடிக்கிறேன் அண்ணாச்சி. ஷாஸாம்னு ஒரு ஆப். எந்தப் பாட்டா இருந்தாலும் சில செகண்டுல பேரைச் சொல்லிடும்.

அண்ணாச்சி: சொல்லிச்சா?

தம்பி: இல்ல. இப்படி ஒரு பாட்டே கிடையாதுங்குது.

அண்ணாச்சி: டெக்குல பெல்ட்டு தொய்ஞ்சு போச்சு. பாட்டு மெதுவா, சுருதி இறங்கி ஓடுது. அதுக்கே ஆளை அடையாளம் தெரியலையாக்கும்? எதுத்த டீக்கடைக்காரன் பஸ் ஹாரனுக்கு நடுவுல, முதல் தபலாச் சத்தத்துலயே சொல்லிருவான்.

தம்பி: சரி, நீங்களே சொல்லுங்க. என்ன பாட்டு ஓடுது?

அண்ணாச்சி: சும்மாவா சொல்லுவேன்? இந்த ஒரு கேள்விய வச்சுத்தான் ரெண்டு பொம்பளப் பிள்ளையளக் கெட்டிக் குடுத்திருக்கேன்.

தம்பி: பாட்டுப் பேரைச் சொல்லக் காசா?

அண்ணாச்சி: பேருக்குக் காசு கிடையாது. ஆனா பேரு தெரியணும்னா கடைக்குள்ள வரணும்லா. அதுக்குத்தான் ஒரு பெட்டிய வாசல்ல, பஸ் ஸ்டாப்பைப் பாத்து வச்சது. காலேஜ் விடுத நேரத்துக்கு ஒரு தட்டு, ஆபீஸ் விடுத நேரத்துக்கு வேற தட்டு. கால் தன்னால படியேறும்.

தம்பி: 'ஹை ஃபிடெலிட்டி'ன்னு 2000ல ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. சிகாகோவுல ஒரு ரெக்கார்டு கடை. இப்ப அஞ்சு தட்டு விக்கிறேன் பாருன்னு முதலாளி சொல்லிட்டு, பீட்டா பேண்டுங்கிற ஸ்காட்லாந்துக் குழுவோட பாட்டைப் போடுவாரு. கடையில நிக்கிறவங்க எல்லாம் தலையாட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

அண்ணாச்சி: அஞ்சுதானா? 1984ல 'விதி' படத்துக் கோர்ட்டு வசனத்த வாசல்ல போட்டேன் பாரும். சுஜாதாம்மா வாதாட ஆரம்பிச்சாவன்னா பஸ்ஸு கெளம்பாது. டிரைவரு தீர்ப்பு கேட்டுட்டுத்தான் கியர் போடுவாரு. கல்யாண வீட்டு மைக்செட்டுலயும் அதான். அங்க தாலி கெட்டுதாவ, இங்க குறுக்கு விசாரணை நடக்கு.

தம்பி: அப்ப ஊரு எதைக் கேக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணீங்க. நல்லவேளை, எனக்கு அந்தத் தொந்தரவு இல்ல. எனக்குப் பிடிச்சதை நானே தேர்ந்தெடுக்கிறேன்.

அண்ணாச்சி: எப்படி?

தம்பி: ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஸ்பாட்டிஃபை எனக்குன்னு 30 பாட்டு எடுத்து வச்சிருக்கும்.

அண்ணாச்சி: அது சரி. நீரே தேர்ந்தெடுத்தது!

தம்பி: அதில்ல அண்ணாச்சி, நான் கேட்டதை வச்சு என் ரசனையைப் புரிஞ்சுக்கிட்டு... ஒரே ஒரு சிக்கல்தான். அக்கா பிள்ளையைத் தூங்க வைக்கத் தாலாட்டு போட்டேன். அதுலேர்ந்து ஜிம்முல வெயிட் தூக்கினாலும் தாலாட்டா வருது.

அண்ணாச்சி: நான் மூஞ்சியப் பாத்துப் போடுவேன் தம்பி. சீட்டுல 12 பாட்டு எழுதிட்டு வருவான். எங்கிட்ட ஒம்பது இருக்கும். மீதி மூணு நம்ம இஷ்டம். அந்த மூணையும் பாடினது யாருன்னு கேட்டுத்தான் திரும்பி வருவான். காதல்ல தோத்த பயலுவ 90 நிமிசக் கேசட்டு வாங்கி, ரெண்டு சைடும் சோகமாக் கேப்பானுவ. நான் பி சைடுல ஒரு குத்துப் பாட்டச் செருகி விட்டுருவேன்.

தம்பி: அவ்வளவு இரக்கமா?

அண்ணாச்சி: உசுரோட இருந்தாத்தானே அடுத்த கேசட்டு வாங்குவான்? ஒரு 90 கேசட்டு பதியணும்னா ஒண்ணரை மணி நேரம் நானும் கூட இருந்து கேக்கணும். அத்தன பேரு சோகத்தையும் கேட்டவன் நான். உமக்குப் பட்டியல் போடுதவன் ஒரு பாட்டாவது கேட்டிருப்பானா?

தம்பி: அதெல்லாம் இருக்கட்டும். எங்கப்பா வச்சிருக்கிற கேசட்டுல எல்லாம் கடைசிப் பாட்டு பாதியில அறுந்துடும். அது உங்க கைவேலைதானா?

அண்ணாச்சி: டேப்பு தீந்து போச்சு. நான் என்ன செய்ய?

தம்பி: 60 கேசட்டுன்னா ஒரு சைடு 30 நிமிஷம். எத்தனை பாட்டு அடங்கும்னு உங்களுக்குத் தெரியாது?

அண்ணாச்சி: தெரியாமலா? பாதி கேட்டவன் மீதிக்கு வருவாம்லா!

தம்பி: எங்க ஊருல அதுக்கு 30 செகண்ட் பிரிவியூன்னு பேரு.

அண்ணாச்சி: கஞ்சப் பயலுவ. நான் ரெண்டு நிமிசம் குடுத்தேன்.

தம்பி: ஒரே ஒரு எல்.பி.யை வாங்கி ஊரு பூரா பதிஞ்சு வித்தீங்களே, பாட்டுப் போட்டவருக்கு ஒரு பைசாவாவது போச்சா?

அண்ணாச்சி: போகல. நீரு மாசம் எவ்வளவு கெட்டுதீரு?

தம்பி: நான்... ஃப்ரீ பிளான். நடுநடுவுல விளம்பரம் வரும்.

அண்ணாச்சி: அப்ப சுஜாதாம்மா வந்தா ரெண்டு பேரும் ஒரே கூண்டுல ஏறிக்கிடுவோம்.

(டக். கேசட் நின்றுவிடுகிறது.)

தம்பி: ஐயோ, ரெண்டாவது சரணம்!

அண்ணாச்சி: (பரணிலிருந்து ஒரு எல்.பி.யை இறக்கி, துண்டால் தூசி தட்டி) மீதிச் சரணம் இதுல இருக்கு. ராஜா சார் பாட்டு, எக்கோ கம்பெனித் தட்டு. மூவாயிரம். வீட்டுக்காரி பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னா. நல்ல காலம், அவ சொல்லுத எதையும் நான் உடனே செய்ததில்ல.

தம்பி: எடுத்துக்கிறேன். அட்டை மடங்காம இருக்கா?

அண்ணாச்சி: அட்டையக் கேக்கீரு! உம்ம பிளேயருல முள்ளு நல்லாருக்கா? தேஞ்ச முள்ளு தட்டை உழுதுரும்.

தம்பி: பிளேயர் கிடையாது அண்ணாச்சி. ஹால்ல மாட்டப் போறேன். பின்னாடி ஒரு மஞ்ச லைட்டு குடுத்தா ஃபோட்டோவுல அள்ளும்.

அண்ணாச்சி: (தட்டை மெல்ல உருவித் தன் பக்கம் வைத்துக்கொண்டு) அப்ப இது உமக்கு எதுக்கு? அட்டையக் கொண்டு போம்.

தம்பி: விலை?

அண்ணாச்சி: அதே மூவாயிரம்.

தம்பி: (ஸ்கேன் செய்தபடி) தட்டை என்ன பண்ணுவீங்க?

அண்ணாச்சி: சாயந்தரம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு வருவாரு. அவருகிட்ட பிளேயரு இருக்கு. அட்டை இல்லைன்னாலும் பரவால்லன்னு சொல்லிட்டாரு.

தம்பி: அவருக்கும் மூவாயிரமா?

அண்ணாச்சி: சேச்சே, ஐநூறு. பாவம், கேக்கத்தானே வாங்குதாரு.