தாழ்ப்பாள்

கவலையைத் தேவனிடத்தில் ஒப்படைத்துவிடும்படி பிறருக்குப் புத்தி சொல்லுவதில் எங்கள் சபையிலே எனக்கு நிகரானவர் ஒருவரும் இல்லை என்பதை நான் அகந்தையில்லாமல் சொல்லிக்கொள்ளலாம். நான் பிறந்தது பொறையாறு. 1706ஆம் ஆண்டு லூத்தரன் மிஷனெரியாகிய சீகன்பால்கு ஐயர் கப்பலை விட்டு இறங்கின தரங்கம்பாடிக்கு அங்கிருந்து காலாற நடந்து போய்வரலாம். ஆகையால் லூத்தரன் விசுவாசம் எங்கள் குடும்பத்துக்குப் பிதுரார்ஜிதமாக வந்த சொத்து. அந்தச் சொத்தோடு கூடவே, பத்திரத்தில் எழுதாத வில்லங்கமாக, கவலைப்படுகிற சுபாவமும் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இரவு எட்டரை மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். வீட்டையும் வாசலையும் சகல உடைமைகளையும் கர்த்தருடைய காவலில் ஒப்புவித்து, ஆமென் சொன்ன வாய் மூடுவதற்கு முன்னே எழுந்துபோய்த் தெருக்கதவின் தாழ்ப்பாளை மூன்று தரம் ஆட்டிப் பார்ப்பது என்னுடைய முப்பது வருஷத்து வழக்கம்.

"அவரு பாத்துக்குவாருன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்பாள் என் மனைவி, பாயை உதறிக்கொண்டே.

"அவர் பார்த்துக்கொள்ளுவார். தாழ்ப்பாள்தான் பழசு" என்பேன்.

என் ஜெபத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாலூகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனாகையால், மேலிடத்துக்கு ஒரு விஷயத்தை அனுப்பும்போது விவரம் குறைவாக இருந்தால் காகிதம் திரும்பி வந்துவிடும் என்கிற பயம் எனக்கு இரத்தத்தில் ஊறிப்போனது. சென்னையிலே தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் மகனுக்காக மன்றாடும்போது, சகலத்தையும் அறிந்த சர்வவல்லவருக்குத் தெருவின் பெயரையும் கதவிலக்கத்தையும் சொல்லி, மாடி அறை என்பதையும் ஞாபகப்படுத்தி, மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறதையும் அவருடைய கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குத் திருப்தி உண்டாகும். மறுநாள் இரவு அதே விஷயமாக நினைவூட்டு ஒன்றும் போகும்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் பறவைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார் அல்லவா? அதையும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து, என் மனைவி புடைத்த நொய்யைத் தின்ன வரும் சிட்டுக்குருவிகளை நிதானமாகக் கவனித்தேன். ஒரு மணியைக் கொத்துவதற்குள் அந்தப் பிராணி இடது பக்கம் இரண்டு தரம், வலது பக்கம் இரண்டு தரம், பூனை வரும் சந்தின் பக்கம் ஒரு தரம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுகிறது. ஆண்டவர் சொன்னதில் பிழை இருக்க முடியாது. என் வீட்டுக்கு வருகிற குருவிகள்தாம் என் சகவாசத்தால் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

இப்படியிருக்கையில் எங்கள் குருவானவரிடம் இரவலாக வாங்கிய ஒரு புஸ்தகத்தில், மார்ட்டின் லூத்தர் தம்முடைய மனைவி கத்தரீனாளுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்க நேர்ந்தது. மான்ஸ்ஃபெல்ட் பிரபுக்களுக்குள் இருந்த வழக்கைத் தீர்த்துவைப்பதற்காக, அறுபத்திரண்டு வயதில், தேக சௌக்கியம் இல்லாத நிலைமையிலே, கடுங்குளிரில், தாம் பிறந்த ஊராகிய ஐஸ்லேபனுக்கு அவர் போயிருந்தார். விட்டன்பர்க்கில் வீட்டிலிருந்த அந்த அம்மாளுக்குத் தூக்கம் இல்லை. கிழவர் சாலே நதியில் மூழ்கிப்போனால் அவரைப்போல் பத்து லூத்தரைப் படைக்கத் தேவனால் ஆகாதா என்று ஒரு கடிதத்தில் கேட்கிறார். 1546 பிப்ரவரி 10ஆம் தேதிக் கடிதமோ இன்னும் ரசமானது. பரிசுத்தமும் கவலையும் நிரம்பிய சீமாட்டி என்று அவளை விளித்துவிட்டு, நீ கவலைப்படத் தொடங்கிய நாள் முதல் இங்கே எனக்கு ஆபத்தின்மேல் ஆபத்தாக வருகிறது என்று முறையிடுகிறார். அறை வாசலிலே தீப்பிடித்ததாம். அடுத்தபடியாக, மனிதன் தனியே போய் உட்காருகிற இடத்தில் (எந்த இடமென்று மரியாதையை முன்னிட்டு நான் விவரிக்கவில்லை) இரண்டு நாளாகத் தலைக்கு மேலே சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருக்க, ஆளைக் கூப்பிட்டு இரண்டு விரலால் தொடச் சொன்ன மாத்திரத்தில் நீளத் தலையணை அத்தனை பெரிய கல் ஒன்று கீழே விழுந்ததாம். நீ கவலையை விடாவிட்டால் கடைசியில் பூமியே எங்களை விழுங்கிவிடும், ஞானோபதேசத்தை இப்படித்தான் படித்தாயா என்று கேட்டு முடிக்கிறார்.

எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. அன்று இரவு ஜெபம் முடிந்ததும் கடிதம் முழுவதையும் தமிழ்ப்படுத்தி என் மனைவிக்கு வாசித்துக் காட்டி, இனி நானும் கவலையை விட்டேன் என்று பிரகடனம் செய்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அப்புறம் அவரு எப்ப ஊருக்குத் திரும்புனாரு?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். "திரும்பவில்லை. பிப்ரவரி 18ஆம் தேதி அங்கேயே காலமாகிவிட்டார்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "எட்டே நாளு."

"ஆமாம்."

"புள்ளைங்க எத்தனை?"

"ஆறு பெற்றாள். இரண்டைப் பறிகொடுத்தாள்."

"அப்ப அந்தம்மா கவலைப்பட்டதுல என்னங்க தப்பு?" என்று சொல்லிவிட்டு, விளக்கைச் சின்னதாக்கிவிட்டு, சுவரோரம் திரும்பிப் படுத்தாள். ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது.

கத்தரீனாளின் கட்சி நியாயமா, லூத்தரின் கட்சி நியாயமா என்று யோசித்துக்கொண்டே படுத்தவன், ஆச்சரியம், நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது மணி நாலு. தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்துக்கு வந்தேன். கடற்காற்றில் தெருக்கதவு மெல்லத் திறப்பதும் சாத்துவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. கடிதம் வாசித்த உற்சாகத்தில் தாழ்ப்பாளைப் போடவே மறந்திருக்கிறேன். என் சாய்வு நாற்காலியில் தெருநாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. அண்டா இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, குருவானவரின் புஸ்தகமும் வைத்த இடத்திலேயே இருந்தது.

நாயை ஓசைப்படாமல் வெளியே அனுப்பினேன். பால்காரன் வந்து கதவைத் தட்டுவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டு, மூன்று தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.