படிவவியல்: மூலமும் வடசென்னை உரையும்

ஏ.என். என்ற இரண்டெழுத்தால் வழங்கும் நூல் பிரிட்டிஷ் உள்துறை இயற்றியது. அயல்நாட்டார் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்டு நிரப்ப வேண்டிய விண்ணப்பம் அது. ஆண்டுதோறும் பாடபேதங்களும் இடைச்செருகல்களும் ஏறிக்கொண்டே போவதால் ஆசிரியர் ஒருவரல்லர், பலர் என்று கொள்க. மூலத்தைவிட உரை பெருத்திருக்கும் என்ற நம் மரபு இதற்கும் பொருந்தும். உரைகள் மூன்று. உள்துறையே வெளியிடும் வழிகாட்டிக் கையேடு முதல் உரை. மணிக்கணக்குக்குப் பணம் வாங்கும் வழக்கறிஞர் சொல்வது இரண்டாம் உரை. என்றோ குடியுரிமை வாங்கிவிட்டு லண்டன் ஈஸ்ட் ஹாமில் செட்டிலாகிவிட்ட மாமா ஒருவர் போனில் சொல்வது மூன்றாம் உரை. மூன்றும் முரண்படும் இடங்களில் நம்மவர்கள் மாமாவையே பின்பற்றுகிறார்கள். அதனால் வரும் கேடுகளைக் களைவதே இவ்வாய்வின் பயன்.

ஆய்வின் எல்லை: தெற்கே ராயபுரம், வடக்கே எண்ணூர், கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்குச் சாத்தனையும் கொற்றனையும் வைத்துக்கொண்டார்கள். நாம் குமாரை வைத்துக்கொள்வோம். திருவொற்றியூரில் பிறந்தவர், லண்டனில் கணினி வேலை, தகப்பனார் பெயர் முனுசாமி.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தச் சத்தத்தில் ராயபுரத்தில் ஒரு குழந்தை பிறந்திருந்தால், முதல் அழுகை அழுத நொடியே அது பிரிட்டிஷ் பிரஜை. படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது, ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. மன்னரின் ஆட்சிப் பரப்புக்குள் பிறந்ததே போதுமான தகுதி. பிறகு 1948-இல் புதிய பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1950-இல் நம் அரசியலமைப்பு வந்தது, 1962-இல் காமன்வெல்த்தாருக்கு இருந்த திறந்த கதவைப் பிரிட்டன் பாதி சாத்தியது. 1981-இல் இயற்றி 1983-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி இன்று குமார் மனுப் போடுகிறார். தாத்தா சும்மா கிடைத்ததை வேண்டாம் என்று போராடினார், பேரன் அதையே காசு கட்டிக் கேட்கிறான் என்று மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். படிவம் நிரப்ப அது உதவாது. ஆகவே நூலுக்குள் புகுவோம்.

எழுத்ததிகாரம் சிறியது. தாளில் எழுதுவோர் கறுப்பு மையில் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். இன்று பெரும்பாலோர் கணினியிலேயே நிரப்பிவிடுகிறார்கள். சிக்கல் ழகரத்தில். குமாரின் மாமனார் ஏழுமலை. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு ஸ்பெல்லிங், வாக்காளர் அட்டையில் வேறொன்று, மகளின் பாஸ்போர்ட்டில் மூன்றாவது. நமக்கு அவர் ஒரே ஏழுமலை. உள்துறையின் கண்ணுக்கு மூன்று பேர், அதில் இருவர் காணாமல் போனவர்கள். பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுதுக. மற்ற இரண்டையும் விளக்கமாகச் சேர்க்க.

சொல்லதிகாரத்தில்தான் நூலின் உயிர் இருக்கிறது. முதல் கேள்வியே குடும்பப் பெயர். வடசென்னையில் குடும்பத்துக்குக் கடன் உண்டு, குலதெய்வம் உண்டு, பெயர் கிடையாது. மு. குமார் என்பவர் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், கம்பெனி கேட் பாஸ் எல்லாவற்றிலும் மு. குமாராகவே நிம்மதியாக இருந்தார். இந்தியப் பாஸ்போர்ட் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்து எழுது என்றது. விரித்ததும் முனுசாமி குடும்பப் பெயராகிவிட்டார். அன்று முதல் லண்டனில் டாக்டரைப் பார்க்கப் போனால் ‘மிஸ்டர் முனுசாமி’ என்று கூப்பிடுகிறார்கள். குமார் ஒவ்வொரு முறையும் அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்க்கிறார். மனைவி தேவி ஏழுமலை. நம் வழக்கப்படி மகன் அகிலன் குமார். ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பப் பெயர்கள். படிவத்தைப் படிக்கும் அதிகாரி இதைக் குடும்பம் என்று நினைப்பாரா, வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மூவர் என்று நினைப்பாரா என்பது அவரவர் பிராப்தம். கல்யாணச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் தயாராக வைத்துக்கொள்வதே உத்தமம்.

ஆய்வெல்லைக்குள் இந்தக் கட்டத்தைக் குறையின்றி நிரப்பக்கூடியவர் ஒருவரே உண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய கம்பெனிக்குத் தம் மகன் அசோக்கின் பெயரைச் சூட்டினார். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்த அந்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி பங்கு சேர்ந்ததும் 1955-இல் பெயரை மாற்றிக்கொண்டது. முதற்பெயர் அசோக். குடும்பப் பெயர் லேலண்ட், அதுவும் லங்காஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர். உள்துறை கனவு காணும் விண்ணப்பதாரர் இவரே. லாரியாகப் போய்விட்டதுதான் குறை.

அடுத்த கட்டம், ‘வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா?’ இங்கே ஆய்வாளர் நின்று மூச்சு வாங்க வேண்டும். ராயபுரத்தில் ஒரு தெருவில் நான்கு குமார் இருந்தால் நால்வருக்கும் அடைமொழி கட்டாயம். பல்லு குமார், கட்டை குமார், போட்டு குமார், வெறும் குமார். இத்தகைய பெயர்கள் நம்மூரில் அச்சேறும் இடங்கள் இரண்டே: கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காவல் நிலைய ஏடு. பின்னதில் இரு பெயருக்கும் நடுவே மின்னஞ்சலில் வரும் அந்தச் சுழிக் குறியைப் போட்டு, ‘என்கிற’ என்று படிப்பார்கள். ஆகவே உண்மையாக நிரப்ப வேண்டும் என்ற ஆர்வத்தில் ‘பல்லு’ என்று எழுதினால், அதை ஆங்கிலத்தில் விளக்கும் பொறுப்பும் எழுதியவரையே சேரும். ஆவணத்தில் ஏறிய பெயர்களை மட்டும் எழுதுக என்பது நம் துணிபு. மாமா உரை இந்த இடத்தில் ‘ஒண்ணும் எழுதாதே’ என்கிறது. கல்யாணத்துக்கு முன் வேறு பெயரில் பாஸ்போர்ட் வைத்திருந்த பெண்களுக்கு அது பெரும் பிழையாக முடியும்.

பிறந்த ஊர் எளிய கேள்வி போலத் தோன்றும். குமார் பிறந்தபோது திருவொற்றியூர் தனி நகராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போயிற்று. 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. இடையில் 1996-இல் மெட்ராஸும் சென்னையாகிவிட்டது. வீடு அசையவில்லை, கிணறு அசையவில்லை. முகவரி மட்டும் ஊர் சுற்றியிருக்கிறது. இதற்கும் பாஸ்போர்ட்டே பிரமாணம்.

பெற்றோரின் பிறந்த தேதியையும் படிவம் கேட்கிறது. குமார் ஊருக்குப் போன் போட்டார்.

“அம்மா, அப்பா எந்த வருஷம் பொறந்தாரு?”

“எம்ஜிஆரை சுட்டாங்களே, அந்த வருஷம் உங்க அத்த பொறந்தா. உங்கப்பாரு அவளுக்கு ரெண்டு வருஷம் மூத்தவரு. கணக்கு போட்டுக்கோ.”

எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. கணக்கு 1964-இலோ 1965-இலோ வந்து நிற்கிறது. பள்ளிச் சான்றிதழோ வேறொரு வருடத்து ஜூன் மாதத்தைச் சொல்கிறது, ஏனென்றால் சேர்க்கையன்று ஐந்து வயது நிரம்புமாறு வாத்தியார் கொடுத்த பிறந்தநாள் அது. அம்மாவின் கணக்கே வரலாற்றுக்கு நெருக்கமானது. படிவத்துக்கு வாத்தியாரின் கணக்கே செல்லும்.

இனி இந்நூலின் மிகக் கடினமான பகுதி, வசிப்பு. ஐந்து ஆண்டுகளில் வெளிநாட்டில் கழித்த நாள் 450-ஐத் தாண்டக் கூடாது. கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 90-ஐத் தாண்டக் கூடாது. பிரிட்டிஷ் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவருக்கு ஐந்து மூன்றாகவும், 450 என்பது 270 ஆகவும் குறையும்.

இவ்வகை நிபந்தனை வடசென்னைக்குப் புதிதன்று. பதிவான மிகப் பழைய வழக்கு திருவொற்றியூரிலேயே நடந்தது என்பதைப் பெரியபுராணத்தால் அறிக. சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், ஒற்றியூரைவிட்டு நீங்கேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. திருவாரூர்க்காரர், நீங்காமல் இருக்க முடியாது என்று அவருக்கே தெரியும். அதனால் சன்னிதியில் தாம் சத்தியம் செய்யும்போது கொஞ்சம் வெளியே மகிழ மரத்தடியில் போய் இருங்கள் என்று சிவபெருமானிடம் ஏற்பாடு செய்துகொண்டார். பெருமானோ சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கு என்று மறுதரப்புக்குச் சொல்லிவிட்டார். பின்னர் ஆரூர் வசந்த விழா நினைவு வந்து எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரு கண்ணும் போயின. அனுமதித்த விடுப்பு நாள் சுழியம். தண்டனை உடனடி. மேல்முறையீட்டில் ஒரு கண் காஞ்சியிலும் மற்றது ஆரூரிலுமாகத் தவணையில் கிடைத்தது. இதோடு ஒப்பிட 450 நாள் என்பது பெருந்தன்மை என்றே சொல்ல வேண்டும். விண்ணப்ப உறுதிமொழியில் உள்ளொன்று வைத்துப் புறமொன்று செய்வோருக்கும் இவ்வழக்கு முன்னுதாரணம்.

கணக்கிடும் முறை: புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் விடுப்பில் சேரா. முழுதாக வெளியே இருந்த நாட்களே சேரும். தங்கையின் வளைகாப்புக்கு வெள்ளிக்கிழமை கிளம்பித் திங்கட்கிழமை திரும்பினால் விடுப்பு இரண்டே நாள். இதைவிட நுட்பமானது இன்னொன்று. ஐந்தாண்டுக் கணக்கு தொடங்கும் நாளில் விண்ணப்பதாரர் பிரிட்டிஷ் மண்ணில் இருந்திருக்க வேண்டும். பொங்கலை ஒட்டி மனுப் போடுகிறவர் ஐந்தாண்டுக்கு முந்தைய பொங்கலுக்கு ஊருக்கு வந்து கரும்பு கடித்திருந்தால் ஆபத்து. விலக்குக் கேட்டு விளக்கம் எழுத வேண்டி வரும். நாளைத் தள்ளிப் போடுவதே புத்திசாலித்தனம். மாமா உரை இந்த விதியைச் சொல்வதே இல்லை. அவர் தற்செயலாகத் தப்பியவர்.

சான்றாளர் இருவர் வேண்டும், மூன்று ஆண்டுகளாவது பழகியவர்கள். ஒருவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம், ஆனால் மதிப்புள்ள தொழிலில் இருக்க வேண்டும். உள்துறை அதற்கு வைத்திருக்கும் தொழில் பட்டியலை வடசென்னையார் ஒருவர் எழுதியிருப்பாரோ என்று ஐயம் எழுகிறது. ஆசிரியரோடு தொழிற்சங்க அலுவலர், வணிகக் கப்பல் அதிகாரி, போட்டோகிராபர், இறுதிச் சடங்கு நடத்துபவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். 1918-லேயே பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட வட்டாரத்தில் சங்கத் தலைவருக்கா பஞ்சம்? ஆனால் சான்றாளர் உறவினராக இருக்கக் கூடாது. ‘அண்ணன்’, ‘மச்சான்’ என்று கூப்பிடுவதெல்லாம் உறவாகாது என்பதை அதிகாரிக்கு முன்கூட்டியே தெளிவாக்கிவிடுவது நல்லது.

நன்னடத்தைக் கேள்விகள் ஒரே மூச்சில் வருகின்றன: வழக்கு உண்டா, அபராதம் உண்டா, போர்க்குற்றம் செய்ததுண்டா, இனப்படுகொலையில் பங்குண்டா? கடைசியில், உங்கள் நடத்தை பற்றி நாங்கள் அறிய வேண்டியது வேறேதும் உண்டா? இந்த இடத்தில் குமார் வெகுநேரம் யோசித்தார். மாஞ்சா நூலில் காத்தாடி விட்டது, பஸ் படிக்கட்டில் தொங்கியது, தேர்வுக்கு மட்டம் போட்டுவிட்டுக் காசிமேட்டில் உட்கார்ந்திருந்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. சிறுவயதுக் குறும்புகளை உள்துறை தேடவில்லை. அபராதம், வழக்கு, விசா மறுப்பு, வரி பாக்கி ஆகியவற்றில் ஒன்றையும் மறைக்காதீர்கள். செய்த தப்பைவிட மறைத்த தப்புக்கே மனுக்கள் அதிகம் பலியாகும். ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டுக்குக் கதவு மூடும்.

எதிர்த் திசையில் குடியுரிமை மாறிய ஒரு சான்றையும் ஆய்வு நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்த புல்லட் மோட்டார் சைக்கிள், மெட்ராஸ் மோட்டார்ஸின் கூட்டில் 1955-இல் இந்தியாவுக்குக் குடியேறி, என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் திருவொற்றியூரில் வாழத் தொடங்கியது. இந்தியக் குடியுரிமைச் சட்டமும் அதே 1955. மொழித் தேர்வு வைத்தவர் இல்லை. அதன் பேச்சு தெருமுனையிலேயே எல்லாருக்கும் புரிந்தது. பின்னாளில் ‘ராயல்’ என்ற பட்டம் மறுபடி அதன் பெயரில் ஏறியபோது, பட்டங்களை ஒழித்த அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவும் யாருக்கும் நினைவு வரவில்லை. குமாருக்கு இந்தச் சலுகைகள் இல்லை. ஆங்கிலத் தகுதியைக் காட்டி, 45 நிமிடத்தில் 24 கேள்விக்கு விடையளித்து, குறைந்தது 18 சரியாக இருக்க வேண்டும். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரை வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் நல்லது.

பொருளதிகாரம் துயரமானது, சுருங்கச் சொல்வோம். கட்டணம் ஆயிரத்தைந்நூறு பவுனுக்கு மேல், ஆண்டுக்காண்டு ஏறுவது. மனு தள்ளுபடியானால் குடியுரிமை விழாவுக்கென்று வாங்கிய சிறு தொகை மட்டும் திரும்பும்.

புறநடை: மனு ஏற்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் விழாவுக்குப் போய் மன்னர் மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கு இரட்டைக் குடியுரிமையில் ஆட்சேபமில்லை, இந்தியாவுக்கு உண்டு. நம் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை அத்தோடு முடிகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, ஊருக்கு வந்துபோக ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் ஒரு படிவம் உண்டு. ஆகவே குமார்களே, லண்டன் படிவத்தில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் தேதிக்கும் ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தூதரகமும் அப்பா பெயரைக் கேட்கும்.