நயினைக் கருடன்: ஒரு சில்லறை வில்லன் பற்றிய ஆய்வு

கணினியில் ஆடும் மாயலோக விளையாட்டுகளில் பெருங்கதை ஒன்று, கிளைக்கதைகள் பல. பெருங்கதை வில்லன் உலகத்தையே கொளுத்த வருபவன். அவனைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. கிளைக்கதை வில்லன் வழியை மறித்துக் கொஞ்சம் கறந்துகொண்டு விட்டுவிடுகிறவன். 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' விளையாட்டில், வால்தைம் கோபுரங்களருகே நிற்கும் கொள்ளையர் கேட்பது 200 பொற்காசு. கொடுக்கலாம், பேசி மசிய வைக்கலாம், வெருட்டலாம், வெட்டியும் போடலாம். யாரும் கண்டுகொள்ளாத இந்த இனத்தின் முன்னோடி யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுக் (நயினைக்) கடலில் ஒரு கல்லின்மேல் இருந்தார் என்பதும், அவர் குறிவைத்தது பாம்பை அல்ல, வணிகனை என்பதுமே இக்கட்டுரையின் துணிபு.

தல ஐதீகம் எல்லோரும் அறிந்ததுதான். அத்தீவின் நாகபூசணி அம்மனுக்குச் சாத்த வாயில் பூவைக் கவ்விக்கொண்டு புளியந்தீவிலிருந்து நீந்தி வந்தது ஒரு நாகம். கருடன் கண்டது. நாகம் கடலுக்குள் நின்ற கல்லொன்றைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்க் கல்லில் இருந்தது. அந்த வழியால் சரக்கோடு வந்த சோழநாட்டு வணிகன் பாம்பை விட்டுவிடும்படி மன்றாடினான். அம்மனுக்குக் கோயில் கட்டுவதானால் விடுகிறேன் என்றது கருடன். வணிகன் ஒப்புக்கொண்டான், கட்டினான். கதை இவ்வளவே. ஆனால் அந்தப் பாம்பைச் சற்றுக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வாயில் பூ. கொத்த வேண்டுமானால் வாய் திறக்க வேண்டும். திறந்தால் பூசைப் பூ கடலோடு போய்விடும். உடம்போ கல்லில் சுற்றிக் கிடக்கிறது. இதைவிட வசதியான இரை எந்தப் பறவைக்கு வாய்க்கும்? அப்படியிருந்தும் கருடன் பாயவில்லை. எதிர்க் கல்லில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. பசித்த பறவை செய்கிற காரியமா இது? கிளைக்கதை வில்லன் செய்கிற காரியம். ஆட்டக்காரன் வந்து சேரும்வரை அவன் யாரையும் கொல்ல மாட்டான், எங்கும் போகவும் மாட்டான்.

பறவையியலும் நம் பக்கமே நிற்கிறது. தமிழர் கருடன் என்று கைகூப்புவது வெண்தலையும் செங்கபில முதுகும் கொண்ட செம்பருந்தை. அரைக் கிலோவைச் சுற்றித்தான் அதன் எடை. மீன், நண்டு, துறைமுகத்துக் கழிவு, அகப்பட்டால் ஒரு சின்னப் பாம்பு என்று பிழைப்பு நடத்துவது. வளர்ந்த நல்லபாம்போடு மல்லுக்கட்டுவது அதற்குக் கட்டுப்படியாகாது. சரக்கேற்றிய ஒரு தோணியை மறித்துவைத்தால் கட்டுப்படியாகும்.

கருடன் திருமாலின் வாகனம், தேவலோகம் புகுந்து அமுதத்தையே தூக்கி வந்தவர், அவரைச் சில்லறை என்பதா என்று வைணவர் சீறலாம். சீற்றம் நியாயமானதே. ஆனால் அது பெருங்கதைக் கருடன்: தாய் விநதையின் அடிமைத்தளை அறுக்கப் புறப்பட்டவர், நாகங்களோடு பகைக்குக் காரணம் உள்ளவர். நயினையில் இருப்பவருக்கு அந்தப் பழங்கணக்கைப் பேச நேரமில்லை. ஒரே நிபந்தனை, ஒரே பேரம், முடிந்தது. சுமார் 4 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இதே தீவில் பெருங்கதையும் நடந்ததாகச் சொல்வதுண்டு. மகாவம்சத்தில் மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காக நாகதீபத்தில் படை திரட்டி நிற்க, புத்தரே வந்து விலக்குப் பிடித்தார். மணிபல்லவம் இத்தீவே என்று கொள்வோர், மணிமேகலையில் அமுதசுரபி கிடைத்த இடமும் இதுவே என்பர். அரியணைச் சண்டைக்குப் புத்தர், பூச்சண்டைக்கு ஒரு வியாபாரி. வில்லனின் தரத்தை, தீர்க்க வந்தவரின் தரத்தைக் கொண்டு அளப்பதே முறை.

இன்னொரு மறுப்பு கனமானது. கருடன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லையே, அம்மனுக்குத்தானே கேட்டது, பிறகு எப்படி வில்லன்? மூன்று முறை கடலில் முழுகி, நாகங்களுக்குச் செய்த பாவம் தீர்த்ததாகவும் சொல்கிறார்களே? வரவு வேறு கணக்கில் விழுந்ததால் வசூலே நடக்கவில்லை என்றாகிவிடாது. ஐந்தொகை போட்டுப் பாருங்கள். பாம்புக்கு உயிரும் மிச்சம், பூவும் மிச்சம். கருடனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு நட்டம். அதுவும் மேற்சொன்னபடி சந்தேகத்துக்குரிய சாப்பாடு. அம்மனுக்குக் கோயில். முழுச் செலவும் வணிகன் தலையில். நன்றியிலும் அவனுக்குப் பங்கு குறைவு: கடலில் பாம்பு சுற்றிய கல் என்று ஒன்று உண்டு, கருடன் கல் என்று ஒன்று உண்டு, வணிகன் கல் என்று ஒன்றைக் காட்டுவாரில்லை. வணிகர் போகும் வழியாகப் பார்த்து அந்த நாகம் கல்லைச் சுற்றிக்கொண்டது தற்செயல்தானா என்பதும் ஆராயத்தக்கதே. ஆனால் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினைக்குப் போகும் எண்ணமுள்ள எந்த ஆய்வாளரும் அதை எழுத்தில் கேட்கமாட்டார்.