பிரியாணி பக்கெட்டுக்கு முத்திரை கோரும் விண்ணப்பம்

பெறுநர்: சட்டமுறை எடையளவுத் துறை, சென்னை.

பொருள்: ஓட்டல்களில் வழங்கும் ஆஃப், ஃபுல், பக்கெட் ஆகிய அளவுகளுக்கு அரசு முத்திரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009. 2. பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011, விதி 26.

ஐயா,

ஓட்டலில் ஒருவருக்குப் பரிமாறப்படும் உணவின் அளவு எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. மளிகைக்கடைத் தராசுக்கும் பெட்ரோல் பங்க் குழாய்க்கும் முத்திரை உண்டு. பிரியாணி அண்டாவுக்குள் இறங்கும் கரண்டிக்கு இல்லை. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்கூட நிகர எடையைச் சொல்லியாக வேண்டும். ஓட்டலில் கட்டித் தரும் துரித உணவுக்கோ பார்வை 2இல் கண்ட விதி விலக்கு அளிக்கிறது. எவ்வளவு நேரம் தம்மில் கிடந்தாலும், பார்சல் மேசைக்கு வந்ததும் பிரியாணி துரித உணவாகிவிடுகிறது.

தற்போது புழக்கத்தில் உள்ள அளவுகள் வருமாறு:

ஃபுல்: ஒருவரால் முடியாதது, இருவருக்குப் போதாதது.

ஆஃப்: சோற்றில் பாதி, விலையில் முக்கால்.

பக்கெட்: நான்கு பேருக்கு என்று பலகை சொல்வது. அந்த நால்வர் யார் என்பது கடைக்காரருக்கே தெரிந்தது.

ஃபேமிலி தோசை: அடிக்கணக்கில் நீள்வது. மெட்ரிக் முறையே செல்லும் என்ற சட்டப்படி, இது மீட்டரில் வார்க்கப்பட வேண்டியது.

இந்த அளவுகள் வளர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் எளிது. வாடகை, ஆள் கூலி, கேஸ், கரண்ட் ஆகியவை ஒரு கரண்டிச் சோறு கூடினால் கூடுவதில்லை. விலையைக் கூட்ட மட்டும் வழி பிறக்கிறது. ஆகவே வளர்ச்சி முழுவதும் சோற்றிலேயே நிகழ்கிறது. உள்ளே குடைந்து பார்த்தால் கறி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று. இவை வளர்ந்ததாகத் தகவல் இல்லை. கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் பாதியிலேயே தீர்ந்துபோக, எஞ்சியது குஸ்காவாக நிற்கிறது.

உண்பவர்கள் மூவகைப்படுவர். கொடுத்த காசுக்காக முடிப்பவர்கள் முதல் வகை. சோற்றை வீணாக்கினால் பாவம் என்று வளர்க்கப்பட்டவர்களும் இவர்களே. மீதத்தைக் கட்டித் தரக் கேட்பவர்கள் இரண்டாம் வகை. கேட்கும்போது இவர்கள் குரல் தானாகத் தாழும், “ஏழாம் நம்பருக்கு ஒரு கவர்!” என்று சர்வரின் குரல் கடை முழுக்க ஒலிக்கும். இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போகிறவர்கள் மூன்றாம் வகை. பகிர்ந்து உண்ண நினைப்போருக்கும் வழியில்லை: சூப்புக்குக் கிடைத்த ‘ஒன் பை டூ’ உரிமை பிரியாணிக்கு இன்னும் வரவில்லை.

நிறைய வைத்தால் நிறைய உள்ளே போகும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழுவினர் 500 கிராம் முதல் 1,000 கிராம் வரை மக்ரோனி வைத்துப் பார்த்தனர். பெரிய அளவு வைத்தபோது சுமார் 30 சதவீதம் கூடுதலாக உள்ளே போனது என 2002இல் அறிவித்தனர். உள்ளே போகாததற்கும் கணக்கு உண்டு. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் வீணான 105 கோடி டன் உணவில் ஓட்டல் முதலிய உணவுச் சேவைத் துறையின் பங்கு சுமார் 29 கோடி டன்.

அரசு இதை அறியாமல் இல்லை. இரண்டு இறால் போதும் என்பவருக்கு ஆறு எதற்கு என்று 2017இல் அப்போதைய மத்திய உணவுத்துறை அமைச்சர் ராம் விலாஸ் பாஸ்வான் கேட்டார். கேள்வி விதியாகவில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள ஓட்டல்கள் மெனுவில் பரிமாறும் அளவையும் கலோரியையும் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரே கடை வைத்திருப்பவரின் பிரியாணியில் கலோரி இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

எனவே கோரப்படுவது:

1. பக்கெட்டின் அடியில் ஆண்டுதோறும் முத்திரை இடுதல்.

2. விலைக்குப் பக்கத்தில் சோறு எத்தனை கிராம், கறி எத்தனை கிராம் என்று தனித்தனியே எழுதவைத்தல்.

3. ஆஃப் பிளேட்டை விலையிலும் ஆஃப் ஆக்குதல்.

4. மேற்கண்டவை இயலாதெனில், சோறு வளரும் அதே வேகத்தில் கறியும் வளர ஆணையிடுதல்.

இப்படிக்கு,
இரண்டாம் வகையினர்.

நகல்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி – தகவலுக்காக.