கியர்க் குமிழியல்: தண்ணீரூற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

கியர்த் தடியின் உச்சியில், உள்ளங்கைக்கு அடங்கும்படி திருகப்பட்டிருக்கும் உருண்டையே கியர்க் குமிழ் எனப்படும். அது இல்லாமலும் வாகனம் ஓடும் என்பதனால், கியர்ப் பெட்டிக்குள் கிடக்கும் பற்சக்கரங்களுக்குள்ள மரியாதை அதற்குக் கிடைப்பதில்லை. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் முள்ளியவளையை ஒட்டி அமைந்த தண்ணீரூற்றில், வெய்யிலில் நின்று வெடித்த பிளாஸ்டிக் குமிழ் உதிர்ந்தபின், மொட்டைத் தடியில் சீலைத்துண்டைச் சுற்றி, பழைய ரியூப் இறப்பரால் இறுகக் கட்டி ஓட்டுவது முதற்கட்டமாகும். சிலரிடம் இக்கட்டம் வாகனத்தின் ஆயுள்வரை நீடிப்பதுமுண்டு. பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிப் பழகிய வன்னிக்கு, மரத்தில் குமிழ் கடைவது கண்டுபிடிப்பு என்ற பெயருக்கே தகுதியற்ற வேலை.

மரங்களுள் பாலையே இதற்கு உத்தமம் எனலாம். நீரில் அமிழுமளவு அடர்த்தியான அம்மரத்தில் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை ஏறத்தாழ 70 கிராம் நிறுக்கும். பாரமான குமிழ், கை தொடக்கிவைத்த அசைவைத் தானும் சற்றுத் தொடர்வதால், கியர் இலகுவாக விழும். அலுமினியக் குமிழைப்போல நண்பகலில் உள்ளங்கையைச் சுடவும் மாட்டாது. காட்டுமரத்தை ஏற்றிச்செல்லப் பெர்மிட் வேண்டுமாதலால், எக்குமிழின் பூர்வீகத்தை விசாரித்தாலும் அது உடைந்த கதவு நிலையொன்றில் போய் முடிவதை ஆய்வாளர் கவனிக்கலாம்.

உண்மையான சோதனை புரியில் இருக்கிறது. புரி என்பது தடியின் நுனியைச் சுற்றி ஏறும் வரிப்பள்ளம். ரொயோட்டாக்கள் பலவற்றில் அது 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் இடைவெளியும் உடையது. ஹொண்டாவில் 10க்கு 1.5, நிசானில் 10க்கு 1.25 என்பதே வழக்கம். அந்தக் கால் மில்லிமீற்றரை அலட்சியம் செய்தவரின் குமிழ் ஓரிரு சுற்றிலேயே இறுகி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும். மரத்தில் நேரடியாக வெட்டிய புரியோ நாளடைவில் தேய்ந்து, ஒருநாள் குமிழ் மட்டும் நான்காம் கியருக்குப் போக, தடி மூன்றிலேயே நின்றுவிடும். ஆதலால் அளவான பித்தளை நட்டொன்றை எப்பொக்சிப் பசையிட்டு உள்ளே பதிப்பதே முறை.

கடையில் வாங்கும் குமிழின் தலையில் எந்தக் கியர் எங்கே என்ற கோட்டுப்படம் பொறிக்கப்பட்டிருக்க, கடைந்த குமிழின் தலை மொழுமொழுவென்றிருப்பதைக் குறையாகக் கருதுவோர் உறவுமுறையின் நுட்பம் அறியாதவர். பின்கியர் ஜப்பானியக் கார்கள் பலவற்றில் வலக்கோடியில் கீழேயும், ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் இடக்கோடியில் மேலேயும் இருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்கென்று "அண்ணை, ஒருக்கா வாகனத்தைத் தாங்கோ" என வந்து நிற்கும் மச்சானுக்கு இதனைக் குமிழ் சொல்லாது, சொந்தக்காரரும் சொல்வதில்லை. வேலியோடு முட்ட நிறுத்திய வாகனத்தை நாலுபேர் தள்ளிப் பின்னுக்கெடுத்த செய்தி அடுத்தநாள் ஊருக்கு வரும். அதன்பின், படத்தைக் கீறித் தரவா என்று கடைசற்காரரே வலியக் கேட்டாலும், குமிழின் அழகு கெட்டுவிடும் என்று சொந்தக்காரர் மறுத்துவிடுவார்.