பின் சீல் போயிருச்சு

மலையகத்தில் ஒரு வேனை நிறுத்தி அதன் அடியில் குனிந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ஆளும் குனிந்திருப்பார். நீங்கள் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அவர் ஒரு சொட்டு ஒயிலைப் பார்ப்பார், நாக்கைச் சப்புக்கொட்டுவார், "பின் சீல் போயிருச்சு தம்பி" என்பார். தேர்தலில் நாலு கட்சிக்குப் பிரிந்து நிற்கிற ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை மூன்றும் இந்த ஒரு தீர்ப்பில் மட்டும் ஒற்றுமை.

பின் சீல் என்பது கிராங் ஷாஃப்ட் எஞ்சினைவிட்டுப் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் இருக்கிற ஒரு வளையம். சாமான் சின்னது. ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பொக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, பிளைவீலையும் கழற்ற வேண்டும். காது குத்தப் போன பிள்ளைக்கு வயிற்றைக் கிழித்த கதை.

எங்கள் வேன் பழைய ஜப்பான் டீசல். விற்றுவிட்டு வேறு வாங்கலாமே என்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குப் பிறகு விலையைக் கேட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிவந்து பழைய வேனைக் கழுவி, பொட்டு வைத்தார்கள். நாங்களும் வைத்தோம்.

வெளிநாட்டுக்காரர் கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் பொருத்திய வண்டியில் ஊர் சுற்றுகிறார்கள். கழிவறையை விட்டுவிட்டால் எங்களுடையதும் அதேதான். மார்கழிப் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரை வேனுக்குள் பாய், தலையணை, கேஸ் அடுப்பு, சோற்றுப் பானை, இரண்டு குடும்பம். மலையடிவாரத்து நல்லதண்ணியில் நிறுத்தி, மலை ஏற முடியாதவர்கள் உள்ளேயே படுத்துக்கொள்வார்கள்.

இந்த வகை வேன்களில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சமவெளிக்காரர் இதைச் சூடு என்று திட்டுவார்கள். 1868 மீட்டர் உயரத்தில், தைமாதப் புல்லில் உறைபனி படிகிற நுவரெலியாவில், அது சிம்மாசனம். எங்கள் வீட்டில் அது பெரியம்மாவுக்கு எழுதிவைத்த சொத்து. ஆகவே கசிவை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். "என்னப்பா, யாரோ பழைய எண்ணெயில வடை சுடுற மாதிரி வருது?" ஒயில் புகைக்குழாயில் விழுந்து கருகும் வாசம் அது.

மாமா வந்தார். ஓய்வுபெற்ற டீமேக்கர். தேயிலையை உறிஞ்சிப் பார்த்தே எந்த மலைக் கொழுந்து என்று சொன்ன மூக்கும் நாக்கும். விரலில் தொட்டு மோந்தார். "கியர் ஒயில் இல்ல. அதுல கந்தகம் நாறும். இது கருப்பு, எஞ்சின் ஒயில்." அருமை. டீசல் எஞ்சினில் கரி கலப்பதால் ஒயில் சீக்கிரம் கருத்துவிடும், ஆகவே நிறத்தைப் பார்த்தும் ஓரளவு சொல்லிவிடலாம். அதோடு நிறுத்தியிருந்தால் மாமாவுக்குச் சிலை வைத்திருக்கலாம். அடுத்த மூச்சில், "பின் சீல் போயிருச்சு."

ஒயில் எவ்வளவு குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கைச் சமதளத்தில் நிறுத்திப் பார்க்கும்படி எல்லாக் கையேடும் சொல்கிறது. எழுதியவர் எங்கள் தோட்டத்துக்கு வந்ததில்லை. இங்கே சமதளம் என்றால் பெக்டரி வாசல், இல்லையென்றால் பந்து விளையாடும் திடல். மேட்டில் மூக்குத் தூக்கி நின்றால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி மேலும் ஊற்றினால் அளவு கூடிப்போய், கசியாத இடமும் கசியும். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி நுவரெலியாவில் வாவி அமைத்தது எதற்கோ தெரியாது. அதன் கரையில்தான் எங்கள் டிப்ஸ்டிக் உண்மை பேசியது.

பிறகு கராஜ் பாஸ். அவர் அடியில் குனியவே இல்லை. பெரியம்மாவின் சிம்மாசனத்தைத் தூக்கிவிட்டு மேலிருந்து பார்த்தார். "ஒயில் கீழதான் விழும் தம்பி. விழுந்த இடத்தப் பாத்து என்னா பிரயோசனம்?" ஓடும்போது காத்தாடியும் எதிர்க்காற்றும் ஒயிலைப் பின்னால் தள்ளும். முன்னால் மேலே கசிவது பின்னால் கீழே சொட்டும். பாவம், அங்கே பின் சீல் இருக்கிறது. பழி அதன் மேல்.

ஆல்டர்னேட்டருக்குப் பொலித்தீன் சுற்றி, மண்ணெண்ணெயும் தூரிகையுமாக எஞ்சினைக் கழுவிக் காயவைத்தார். வெளிநாட்டில் ஒயிலில் ஒளிரும் சாயம் கலந்து ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்களாம். பாஸ் கேட்டது முகப்பவுடர். பெரியம்மா டப்பாவைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு தூவுகிறார் என்று பக்கத்திலேயே நின்று காவல் காத்தார். எஞ்சினை ஓடவிட்டோம். வெள்ளையில் ஒரு கருப்புக் கோடு மெதுவாக இறங்கியது. மேலே பிடித்துப் போனால் ஆல்டர்னேட்டரின் முதுகு.

அங்கே இருப்பது வேக்கும் பம்ப். டீசல் எஞ்சின் காற்றை அடைத்து இழுப்பதில்லை, ஆகவே பெற்றோல் எஞ்சின் போலப் பிரேக் உதவிக்கு வெற்றிடம் தானாகக் கிடைக்காது. தனிப் பம்ப் வேண்டும், அதற்கு எஞ்சின் ஒயிலே குழாய் வழியாக வந்து போகும். திரும்பும் ரப்பர் குழாய் வெந்து மரத்திருந்தது, மூட்டுச் செப்பு வாஷரும் நைந்திருந்தது. இது வெறும் சொட்டு இல்லை. பம்ப் ஒயிலின்றித் தேய்ந்து நின்றால் றம்பொடை வளைவுகளில் பிரேக் மிதி கல்லாகும்.

பாஸ் அதோடு விடவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைத் தளர்த்தி, புகை எப்படி வருகிறது என்று பார்த்தார். பிஸ்டனைத் தாண்டி இறங்கும் காற்று வெளியேற ஒரு பிரீதர் குழாய் உண்டு. அது அடைத்தால் அழுத்தம் ஏறி, புதுச் சீலையும் பிதுக்கித் தள்ளும். எங்களுடையது கரிப்பசையால் பாதி அடைத்திருந்தது. சீல் மேல் சீலாக மாற்றி ஓய்ந்தவர்கள் பலருக்கு இந்தக் குழாயைக் காட்ட ஆளில்லாமல் போனதுதான் பிரச்சினை என்று நினைக்கிறேன்.

சம்ப் ஓரத்தில் இன்னும் ஈரம் இருந்தது. அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "வேர்க்கிறதுக்கெல்லாம் மருந்து கட்டக்கூடாது." டிப்ஸ்டிக்கில் அளவு இறங்காத கசிவுக்குக் கராஜ் படி ஏறத் தேவையில்லை என்பது என் கட்சியும். பெரியம்மா எதிர்க்கட்சி. வாசம் போனதோடு சீட்டுச் சூடும் குறைந்துவிட்டதாம். அதையும் அந்த பாஸிடமே காட்டிச் சரி பண்ணிக்கொண்டு வா என்கிறார்.